லினக்ஸில் யூஎஸ்பி வைஃபை அடிக்கடி துண்டாகிறது, கெர்னல் அப்டேட் செய்தால் அடியோடு காணாமல் போகிறது. ஏன்?

இவை பெரும்பாலும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள். சேர்த்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில், காணாமல் போவது. டிரைவரை (அடாப்டரை இயக்கும் மென்பொருள்) நீங்களே கம்பைல் செய்து போட்டிருந்தால், அது அன்றைய கெர்னலோடு சரி. டிகேஎம்எஸ் (DKMS) என்ற மென்பொருள் வழியாக நிறுவுங்கள்; கெர்னல் மாறும்போதெல்லாம் அதுவே மறுபடி கம்பைல் செய்துகொள்ளும். அந்தக் கெர்னல் பதிப்புக்கான ஹெடர் பேக்கேஜும் (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) இருக்க வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அப்படியும் ஏறவில்லையா? கணினி துவங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டைச் சந்தேகியுங்கள். டிஜிட்டல் கையொப்பமில்லாத டிரைவர் மாட்யூலை அது உள்ளே விடாது.

துண்டிப்புக்கு வருவோம். டிரைவரை மாற்றும் முன் கெர்னல் லாகை (கெர்னல் எழுதும் செய்திப் பதிவு) ஓடவிட்டுக் கவனியுங்கள். இணைப்பு அறும் நொடியில் 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று வரி விழுந்தால் கருவியே கழன்று மாட்டுகிறது என்று பொருள். முதலில் போர்ட், ஹப், கேபிளைப் பாருங்கள். அந்த வரி இல்லாமல் வைஃபை மட்டும் அறுந்தால் மின்சேமிப்பை நிறுத்திப் பாருங்கள். நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பு 2 என்றால் அணைப்பு, 3 என்றால் இயக்கம். (யார் யோசித்த எண்களோ!) யூஎஸ்பி 3 கருவிகளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும் என்பதால், சின்ன நீட்டிப்பு கேபிள் போட்டு அடாப்டரைத் தள்ளி வைத்தும் பாருங்கள்.

புதிதாக வாங்குவதானால் பெட்டியில் உள்ள மாடல் பெயரை நம்பாதீர்கள்; ஒரே பெயரில் வெவ்வேறு சிப் வரும். கெர்னலிலேயே டிரைவர் உள்ள சிப்பாகத் தேடுங்கள். மீடியாடெக்கின் எம்டி7612யூ அப்படிப்பட்டது.