கடலோரக் களிமண் மனையில் சுண்ணாம்பு கலந்து தரையை இறுக்கலாமா?

தேவிபட்டினம் பக்கம் மனை வாங்கியிருக்கிறேன், மண் ஒரே களியாக இருக்கிறது, சுண்ணாம்பு கலந்து இறுக்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மனையைப் பார்க்காமலே சொல்கிறேன். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும், ஐப்பசி மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், சித்திரையில் மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். அந்தப் பொருக்கில்தான் விஷயம் இருக்கிறது. மண்ணில் சல்பேட் என்கிற உப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு மூட்டை சுண்ணாம்பு கூட இறக்காதீர்கள்.

நான் டிப்ளமோ சிவில் படித்தவன். 20 வருடமாக ராமநாதபுரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன ஒப்பந்த வேலை. சுண்ணாம்பையே குறை சொல்கிறாயா என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். இல்லை. கமுதி பக்கம் கரிசலில் ஒரு குடோன் தரைக்கு நானே 5 சதவீதம் கலந்து போட்டேன். இன்றைக்கும் அதன் மேல் லாரி ஏறி இறங்குகிறது. சுண்ணாம்பின் கால்சியம் களியில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். ஒன்றிரண்டு நாளிலேயே பிசுபிசுப்பு போய் மண் உதிரியாகும். அப்புறம் களியில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் அந்தக் காரத்தில் கரைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும்.

அந்தக் கமுதி வேலை தந்த தைரியத்தில்தான் அக்கா வீட்டில் கை வைத்தேன். உப்பூர் போகிற வழி, பழைய உப்பளத்தை ஒட்டிய மனை. மச்சான் சவூதியில் இருந்து பணம் அனுப்பினார், "நீ பாத்துக்க மாப்ள" என்றார். அஸ்திவாரத்தை ஆழமாகக் கொண்டுபோய்விட்டேன், அதில் பழுதில்லை. தரைக்குக் கீழே மட்டும் ஆயிரம் சதுரடி, ஒரு அடி ஆழம். கிட்டத்தட்ட 45 டன் மண், அதற்கு இரண்டேகால் டன் சுண்ணாம்பு. டிராக்டரில் ரோட்டவேட்டர் விட்டுக் கட்டி உடைத்து, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்கினோம். கல் மாதிரி இருந்தது. பங்குனியில் பால் காய்ச்சினோம்.

கார்த்திகையில் அக்கா போன் செய்தாள். ஹாலில் டைல்ஸ் கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கிறது, கதவு திறக்க வரவில்லை. நான் டைல்ஸ் போட்டவரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். அவர் பதில் பேசாமல் போனார். ஒரு வாரம் கழித்துத் தரையை உடைத்துப் பார்த்தால், இறுக்கிய மண் ஈரக் களிம்பாக, உள்ளே வெள்ளை ஊசி ஊசியாகக் கிடக்கிறது. மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பேராசிரியர் முதலில் கேட்டதே "இது உப்பளத்து மண்ணா?" என்றுதான்.

உப்பளத்தில் உப்பு படிவதற்கு முன்னால் ஜிப்சம் படியும். அது சல்பேட். சுண்ணாம்பு, களியின் அலுமினா, சல்பேட், தண்ணீர் நாலும் சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற படிகம் வளரும். ஒரு மூலக்கூறு 26 நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு கட்டிக்கொள்ளும். ஊதாமல் என்ன செய்யும்? களி வீங்கக் கூடாது என்று போட்ட மருந்தே அதை வீங்க வைத்துவிட்டது. முழுத் தரையையும் எடுத்து, ஒன்றரை அடி மண்ணை வெளியே கொட்டி, கிராவல் நிரப்பி மறுபடி போட்டேன். என் கைக்காசு. அது போகட்டும். டைல்ஸ்காரர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இன்று வரை என் வேலைக்கு அவர் வருவதில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த வேலைக்கு முழுக்க லாரித் தண்ணீர் வாங்கினோம், போரில் வருவது கரிப்பு. வைகை வந்து சேர்கிற பெரிய கண்மாய் இருக்கிற ஊர் இது. வரத்துக் கால்வாயை மேடாக்கிப் பிளாட் போட்டு விற்கிறார்கள், நாமும் போய் வாங்குகிறோம். வீடு கட்டத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, மழைக்காலத்தில் அதே வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது என்று அழுகிறோம். எனக்கு ஆறவே இல்லை.

சரி, உங்கள் மனைக்கு வருகிறேன். சல்பேட் 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. 1 சதவீதம் தாண்டினால் சுண்ணாம்பை மறந்துவிட்டு மண்ணை மாற்றுங்கள். சிமெண்ட் கலந்தால் தப்பிக்கலாம் என்பார்கள். அதிலும் கால்சியம்தானே, அதே கதைதான். இரண்டுக்கும் நடுவே வந்தால், ஜிஜிபிஎஸ் என்று விற்கிற இரும்பு உலைக் கசடுத் தூளைச் சேர்த்துச் சுண்ணாம்பைக் குறைக்கலாம். தண்ணீர் கூடுதலாக விட்டுச் சில நாள் ஆறப்போட்டு, வீங்குவது வீங்கிய பிறகு இறுக்கலாம். அதையும் ஆய்வகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். வீட்டுச் சுவரின் பாரம் வேறு கணக்கு. அதைச் சுண்ணாம்பை நம்பி விடாதீர்கள்.

மண் எடுக்கும்போது மனையின் ஒரு மூலையில் மட்டும் எடுக்க வேண்டாம். நாலு இடத்தில், மேலே ஒன்று, மூன்றடியில் ஒன்று, ஐந்தடியில் ஒன்று என்று தனித்தனிப் பையில் கட்டி, ஆழத்தைப் பையிலேயே எழுதிவிடுங்கள். ஆய்வகத்தில் "ஐஎஸ் 2720, பகுதி 27" என்று கேளுங்கள், மண்ணில் கரையும் சல்பேட்டை அளக்கிற இந்தியத் தரச் சோதனை அது. முடிந்தால் பங்குனி, சித்திரையில் எடுங்கள், அப்போதுதான் உப்பு மேலே ஏறி நிற்கும்.