26 தடவை 'தெரியும்'

கேள்வி: எங்கள் தோட்டக் கோவில் திருவிழாவில் ஒரு பையன் கிட்டாரோடு மேடையேறி 'எய்ன்ட் நோ சன்ஷைன்' என்ற ஆங்கிலப் பாட்டைப் பாடினான். நடுவில் 'எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்' என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். பிரிவைப் பாடக் கண்ணதாசன் இருக்க, இந்தச் சொற்பஞ்சம் நமக்கு எதற்கு?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: சொற்பஞ்சம்தான், மறுக்கவில்லை. 1971-ல் அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ் அதைப் பதிவு செய்தபோது அந்த இடத்துக்கு வரி எழுதியிருக்கவில்லை. பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று அந்தச் சொல்லை வைத்து ஒப்பேற்றினார். கூட இருந்த இசைக்காரர்கள் அதை மாற்றவே வேண்டாம் என்றார்கள். அப்படியே நின்றுவிட்டது. 26 தடவை; விரல் மடக்கி எண்ணினேன்.

தோட்டத்து லயத்துச் சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டிருப்பீர்களே? முதலில் தேரும் திருவிழாவும் தாய்மாமன் சீரும் வரும். போகப் போகச் சொல் தீர்ந்து 'ஐயோ என் ராசா' மட்டும் மிஞ்சும். அதுவரை வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவரும் அப்போதுதான் துண்டால் கண்ணைத் துடைப்பார். விதர்ஸ் பாட்டிலும் அதுதான் நடக்கிறது. அவளை விட்டுவிட வேண்டும் என்று பாட்டில் வருகிறவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

விதர்ஸ் நமக்கு அந்நியரும் அல்லர். மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர், திக்குவாய். கடற்படையில் 9 ஆண்டுகள் இருந்துவிட்டு விமானக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். முதல் இசைத்தட்டின் அட்டையில் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்பார். தூக்குச்சட்டியோடு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைக்கு இந்தப் பாட்டு பிடித்ததில் என்ன வியப்பு?

இரண்டு நிமிடச் சொச்சப் பாட்டு. 1972-ல் 13 வயது மைக்கேல் ஜாக்சன் பாடினார். புளூஸ்காரர் ஃப்ரெடி கிங்கும் விடவில்லை. 1973-ல் பிரேசிலின் சிவுக்கா அதை அக்கார்டியனுக்கு இழுத்துக்கொண்டு போனார். 2001-ல் டி.எம்.எக்ஸ். அதன்மேல் ராப் கட்டினார். இவர்களில் யாருக்கும் சொற்பஞ்சம் உறுத்தியதாகத் தெரியவில்லை.

கண்ணதாசனை இதற்கு எதிர்ச்சாட்சியாக இழுத்தீர்களே, 1962-ல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் ஏ.எல்.ராகவன் பாடிய 'எங்கிருந்தாலும் வாழ்க' அவர் எழுதியதுதான். அதில் 'வாழ்க' எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அந்தப் பையனை 26-ஐயும் முடிக்கவிட்டீர்களா, நடுவிலேயே மைக்கைப் பிடுங்கிக்கொண்டீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.