இலை உதிரும் மாதங்களில் மனம் கனக்கிறது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 72 வயது ஆகிறது. மனைவியும் நானும் மட்டுமே வீட்டில் இருக்கிறோம். இலையுதிர்காலம் தொடங்கி, மழையும் மூட்டமுமாகப் பகல் சுருங்கும்போது, சில ஆண்டுகளாக என்னை ஒரு சோர்வு பற்றிக்கொள்கிறது. முன்பெல்லாம் எனக்கு மிகவும் பிடித்த பருவம் இதுதான். பண்டிகைக்கு யார் எந்த நாளில் வருகிறார்கள், யாரை அழைத்துவரப் போக வேண்டும், யாருக்கு எந்த அறை என்று திட்டமிடுவதிலேயே வாரங்கள் ஓடிவிடும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். சென்ற ஆண்டு அது மகள் வீட்டுக்கு மாறியது. அதுவும் ஒரு பிற்பகல் மட்டும். "அப்பா, இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும்" என்றாள். அன்பாகச் சொன்னதுதான். ஆனால் பலரும் ஒரே நேரத்தில் பேசிய இரைச்சலில் பாதிப் பேச்சு என் காதில் விழவில்லை. விருந்தாளியைப் போல ஓர் ஓரத்தில் இருந்துவிட்டுத் திரும்பினேன்.

இந்த ஆண்டும் மழை வந்துவிட்டது. நனைந்த இலைகளில் கால் வழுக்குமோ என்று காலை நடையை நிறுத்திவிட்டேன். பகலிலும் தூக்கம் வருகிறது. ஜன்னலருகே உட்கார்ந்து, இன்னும் எத்தனை இலையுதிர்காலம் பார்ப்போம் என்று எண்ணுகிறேன். இது முதுமையின் இயல்பா, நோயா? பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களுக்குப் பாரமாகாதா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ஆலோசகரின் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு துயரங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று உடலைச் சேர்ந்தது. மற்றது குடும்பத்தில் உங்களுக்கு இருந்த இடத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே மாதங்களில் வருவதால், எல்லாவற்றுக்கும் வயதே காரணம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது.

நடையை நிறுத்தியதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். மூளையில் உள்ள உயிர்க்கடிகாரம் காலை வெளிச்சத்தைக் கொண்டே தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அந்த வெளிச்சம் குறைந்தால் உறக்கமும் மனநிலையும் தடுமாறும். ஆண்டுதோறும் குறிப்பிட்ட பருவத்தில் திரும்பி வரும் மனச்சோர்வை மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1984-இல் விரிவாக விவரித்தார்கள். பகல் தூக்கம் அதன் அறிகுறிகளுள் ஒன்று. வயது கூடும்போது கண்ணின் வில்லை மஞ்சளாவதாலும் பாவை சுருங்குவதாலும், இளையவர்களைவிடக் குறைந்த வெளிச்சமே உங்கள் விழித்திரையை அடைகிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், வீட்டு விளக்கொளி பெரும்பாலும் சில நூறைத் தாண்டாது. மேகம் மூடிய பகலிலும் வெளியே பொதுவாக ஆயிரம் லக்ஸுக்கு மேல் இருக்கும். ஆகவே, வெயிலே இல்லையே என்று உள்ளேயே இருந்துவிடாதீர்கள். வழுக்கும் என்ற அச்சம் நியாயமானது; உங்கள் வயதில் விழுவது சிறிய விஷயமன்று. பிடிப்புள்ள காலணியோடும் கைத்தடியோடும், இலைகளைக் கூட்டிய பாதையில் மட்டும் நடங்கள். அதுவும் இயலாத நாளில், கூரை போட்ட திறந்த இடம் ஏதேனும் ஒன்றில் காலை அரை மணி நேரம் உட்காருங்கள். 10,000 லக்ஸ் ஒளி தரும் சிகிச்சை விளக்குகளும் உண்டு. ஆனால் கண் நோய் உள்ளவர்களுக்கு அவை ஒத்துவராமல் போகலாம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

மருத்துவரை எப்படியும் பார்க்கத்தான் வேண்டும். மனச்சோர்வு முதுமையின் இயல்பன்று. தைராய்டு குறைபாடு, பி12 குறைபாடு, நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் இதே சோர்வைத் தரலாம். எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் எழுந்தாலோ தாமதிக்காதீர்கள். மீதமுள்ள இலையுதிர்காலங்களை எண்ணுவது மட்டும் நோயாகிவிடாது. முதுமையில் வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது இயல்பான மனச்செயல் என்று மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-இலேயே வாதிட்டார். அந்த நினைவுகளைத் தனியே அசைபோடாமல் யாரிடமாவது சொல்லவோ எழுதிவைக்கவோ செய்தால் மனத்தின் கனம் சற்றுக் குறையும்.

இனி பண்டிகைக்கு வருவோம். கூடும் வீடு மாறியதைவிட, உங்களிடமிருந்த வேலை போனதுதான் உங்களை வருத்துகிறது என்று நினைக்கிறேன். மகள் உங்கள் சிரமத்தைக் குறைக்க எண்ணினார்; அந்தச் சிரமத்தில்தான் உங்கள் இடம் இருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனினும், பழையபடி எல்லோரும் உங்கள் வீட்டுக்கே வர வேண்டும் என்று கேட்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அதற்கு முன் உங்கள் மனைவியின் கருத்தைக் கேளுங்கள். திட்டமிடும் மகிழ்ச்சி உங்களுடையதாக இருந்த அந்த வாரங்களில் உடலுழைப்பின் பெரும்பகுதி யாருடையதாக இருந்தது என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. இந்த மாற்றம் அவருக்கு ஓய்வாகக்கூட இருக்கலாம்.

வீட்டைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள். "உன் வீட்டில் கூடுவது எனக்குச் சம்மதம். ஆனால் எல்லோரிடமும் பேசி, யார் எப்போது வருகிறார்கள் என்று ஏற்பாடு செய்வதை என்னிடம் விட்டுவிடு" என்று மகளிடம் சொல்லலாம். தொலைபேசி இருந்தால் போதும்; வீட்டிலிருந்தபடியே செய்துவிடலாம். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். கூட்டம் சேர்வதற்கு முன், ஓசையற்ற அறையில் ஒரு பேரப்பிள்ளையோடு பேசுவது உங்கள் காதுக்கு எளிது. செவித்திறன் பரிசோதனையையும் தள்ளிப்போட வேண்டாம். இரைச்சலில் பேச்சுப் புரியாமல் ஒதுங்கி உட்காரும் முதியவரை, அமைதியை விரும்புகிறவர் என்று குடும்பத்தார் தவறாக எண்ணிவிடுகிறார்கள்.

பாரமாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், எல்லாம் நலம் என்றே மகள் எடுத்துக்கொள்வார். அடுத்த ஆண்டும் அதே ஏற்பாடு தொடரும். இந்த ஆண்டுக்கான நாளை அவர்கள் முடிவு செய்வதற்கு முன்பே, இந்த வாரத்திலேயே பேசிவிடுங்கள்.