வாசகர் கேள்வி: வாயே திறக்காத வகுப்புக்குக் கவிதை சொல்லித்தருவது எப்படி?

கேள்வி: கோவையில் மென்பொருள் வேலை, கவிதையும் எழுதுவேன். வால்பாறைப் பக்கம் எஸ்டேட் பகுதி அரசுப் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை கூகுள் மீட்டில் கவிதைப் பட்டறை நடத்துகிறேன். எதுகை, மோனை, உவமை என ஸ்லைடு போட்டு விளக்குகிறேன். யாரும் வாய் திறப்பதில்லை. எழுதச் சொன்னால் "மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்" என்றே வருகிறது. பாதி நேரம் நெட் வேறு கட்டாகிவிடும். ஆன்லைனில் கவிதை சரிப்பட்டு வராது என்று விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்:

பட்டறையை விடாதீர்கள். ஸ்லைடை விட்டுவிடுங்கள்.

அந்த வகுப்பறையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு லேப்டாப், அதன் முன்னால் முப்பது நாற்பது பிள்ளைகள். உங்கள் குரல் ஸ்பீக்கரில் கரகரவென்று வருகிறது. கடைசி பெஞ்சில் இருக்கும் பையன் ஒரு வரி சொல்ல வேண்டுமென்றால், எல்லாரையும் தாண்டி வந்து, மைக் பக்கம் குனிந்து, முகம் தெரியாத ஒரு அக்காவிடம் பேச வேண்டும். நானாக இருந்தாலும் வர மாட்டேன்.

"மரம் வளர்ப்போம்" எங்கிருந்து வருகிறது என்கிறீர்களா? வெளியிலிருந்து வருகிற விருந்தினர்களுக்கு எது பிடிக்கும் என்று பிள்ளைகளுக்கு அத்துப்படி. பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கித் தந்த வரியைத்தான் உங்களுக்கும் நீட்டியிருக்கிறார்கள். (எங்கள் அலுவலகத்துக்குப் பெரியவர்கள் அனுப்பும் கவிதைகளிலும் பாதி இந்த ரகம்தான்.)

நான் சொல்வது இதுதான்: திரைநேரம் நீங்கள் கேட்பதற்கு. கவிதை வாரத்தின் மற்ற நாட்களில், திரைக்கு வெளியே சேரட்டும். திங்கட்கிழமை வகுப்பாசிரியரின் வாட்ஸ்அப்புக்கு ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்புங்கள். வீடியோ அழைப்பு தின்னும் டேட்டாவில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. சிக்னல் வரும்போது இறங்கிக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழையில் கரண்ட் போய்ப்போய் வரும் ஊர் அது. நேரலையை மட்டும் நம்பினால் ஜூன், ஜூலை முழுக்க உங்களுக்கு விடுமுறைதான்.

என்ன அனுப்புவது? குறுந்தொகை 38-ஆம் பாட்டில் முதல் இரண்டு வரி போதும். கபிலர் பாடியது:

"கான மஞ்ஞை அறை ஈன் முட்டை
வெயில் ஆடு முசுவின் குருளை உருட்டும்"

காட்டு மயில் பாறைமேல் இட்டுவைத்த முட்டையை, வெயிலில் விளையாடும் குரங்குக்குட்டி உருட்டுகிறது. அவ்வளவுதான். இதற்கு மேல் விளக்காதீர்கள். மீதிப் பாட்டு காதல் சங்கதி, அவர்கள் வளர்ந்து படித்துக்கொள்ளட்டும். முசு எந்தக் குரங்கு, கருமந்தியா சிங்கவால் குரங்கா என்று சண்டை வரும். பாறையில் உருட்டினால் முட்டை உடையாதா என்று ஒருத்தி கேட்பாள். மயில் பாறையிலா முட்டையிடும் என்று இன்னொருவன் மடக்குவான். விடுங்கள், சண்டை போடட்டும். அந்த மலையில் குரங்கைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள். கோவையில் இருக்கும் உங்களைவிட இந்த இரண்டு வரிக்கு அவர்கள்தான் பக்கத்தில் இருக்கிறார்கள். 'அழகான', 'இனிமையான' என்று ஒரு சொல்கூட இல்லாமல் படம் எப்படித் தெரிகிறது என்று கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

பிறகு வேலை கொடுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பிராணி செய்துகொண்டிருந்த ஒரு காரியம், இரண்டே வரியில். அழகு, அன்பு, இயற்கை ஆகிய சொற்களுக்குத் தடை. எதுகை மோனை தானாக வந்தால் வரட்டும். விடுகதையும் விளையாட்டுப் பாட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு அதெல்லாம் காதில் ஏற்கெனவே இருக்கிறது.

அங்கே தோட்ட வேலைக்கு அஸ்ஸாம், ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் இருந்தால், தமிழில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை தன் வீட்டுப் பேச்சில் ஒரு வரி சொல்லலாம் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவன் கேட்டுத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும்.

எழுதிய தாள்களை ஆசிரியர் படமெடுத்து அனுப்புவார். இனிதான் உங்கள் வேலை. நேரலையில் நாற்பது நிமிடமும் அந்த வரிகளைப் பெயர் சொல்லி, நிதானமாக, நீங்கள் வாசியுங்கள். "குட்டி எந்தப் பக்கம் ஓடியது?" என்று எழுதியவரிடமே கேளுங்கள். தான் பார்த்ததைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லக் கூச்சம் இருக்காது. எழுத்துப்பிழையை அந்த நேரத்தில் தொடாதீர்கள்.

இரண்டு கண்டிப்பு. வகுப்பு எவ்வளவு களை கட்டினாலும் பள்ளி மணிக்கு மேல் இழுக்காதீர்கள். சிறுத்தை நடமாடும் தேயிலைக் காட்டு வழியே இருட்டுக்குள் நடக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள். பிள்ளைகளின் முகத்தையும் பெயரையும் உங்கள் இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். அச்சில் பார்க்க ஆசைப்பட்டால், பள்ளிக்கல்வித் துறை மாணவர்களுக்காக வெளியிடும் 'தேன்சிட்டு' இதழுக்குப் பள்ளி வழியாகவே அனுப்பலாம்.

இதெல்லாம் அந்த வகுப்பாசிரியர் மனம் வைத்தால்தான் நடக்கும். வாரம் முழுக்க அவர் தலையில் வேலை ஏற்றுகிறோம். ஆகவே அடுத்த வகுப்புக்கு முன் அவருக்கு போன் செய்து, திங்கட்கிழமைப் பதிவை எந்தப் பாடவேளையில் போட முடியும் என்று கேளுங்கள். பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால் அதற்கு ஏற்ற மாதிரி வேலையைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.