கணினி திறந்ததும் திணறுகிறது, டாஸ்க் மேனேஜரில் எதை நிறுத்தலாம்?

விண்டோஸ் கணினி திறந்து பத்து நிமிடம் அசைய மறுக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டார்ட்அப் பட்டியல், அதாவது கணினி திறந்ததும் தானாகவே தொடங்கும் மென்பொருள்களின் பட்டியல்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 8 முதல் ஸ்டார்ட்அப் பட்டியல் அதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் எதிரே அதன் சுமை குறிக்கப்பட்டிருக்கும். தொடங்கும்போது பிராசஸரின் நேரத்தில் 1 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டாலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ அது 'ஹை', அதாவது அதிகச் சுமை. அரட்டைச் செயலி, கேம் லாஞ்சர் போன்றவை அங்கே வரிசைகட்டி நிற்கும். வலது கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். மென்பொருள் அழிந்துவிடாது, வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம். ஆன்டிவைரஸை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.

பிராசஸ் பகுதியில் உள்ள 'எண்ட் டாஸ்க்' வேறு வகை. அது அப்போதைக்கு மட்டும் நிறுத்தும். சேமிக்காத வேலையும் அதோடு போய்விடும். அவசரத்தில் அதை அழுத்தி, பாதி தட்டச்சு செய்த கடிதத்தை நான் இழந்திருக்கிறேன். உறைந்துபோனது டாஸ்க்பார் என்றால் அதுகூட வேண்டாம்: பட்டியலில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' மீது வலது கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். திரை ஒருமுறை மின்னிவிட்டுத் திரும்பி வரும்.