சோயா இல்லாமல் கோழித் தீவனம் கலக்க முடியுமா?

வீட்டில் கலக்கும் தீவனத்தில் சோயாவுக்குப் பதிலாக எதைப் போடலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபது கம்பத்துக் கோழிகள் (நாட்டுக் கோழிகள்) வளர்க்கிறேன், தாராளமாக முடியும்.

சோயாப் புண்ணாக்கில் புரதம் சுமார் 44 சதவீதம். நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கில் 16 சதவீதம்தான், நார் வேறு அதிகம், லைசின் என்ற அமினோ அமிலமும் (புரதத்தின் ஒரு கூறு) குறைவு. அதனால் 10 கிலோ தீவனத்தில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போடாதீர்கள், அதை மட்டும் நம்பினால் முட்டை குறைந்துவிடும்.

குறையை ஈடுகட்ட மீன் தூள்தான் சிறந்தது, முட்டைக்கு அவசியமான மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும் அதில் உண்டு. ஆனால் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் முட்டையில் மீன் வாடை வரும். அப்புறம் உப்பு! முதல் தடவை பாசாரில் கிடைத்த நெத்திலித் தலைகளை அப்படியே அரைத்துப் போட்டேன், கோழிகள் நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை, எச்சமெல்லாம் தண்ணீராகப் போனது. இப்போது இரண்டு முறை ஊறவைத்துக் கழுவி, தகரத்தில் நொறுங்கும் அளவுக்குக் காயவைத்த பிறகுதான் அரைக்கிறேன்.

செலவே வேண்டாம் என்றால் கறுப்பு சோல்ஜர் ஈயின் புழு வளருங்கள். சமையலறைக் காய்கறிக் கழிவே போதும், காய்ந்த புழுவில் 40 சதவீதம் வரை புரதம். முருங்கைக்கீரையைக் காயவைத்துக் கொஞ்சம் சேர்க்கலாம். வேலியோரத்துப் பெத்தாய் பெலாலாங் (சவுண்டல்) இலையை அதிகம் வேண்டாம், அதிலுள்ள மிமோசின் நஞ்சு.

முட்டைக் கோழிக்கு மொத்தக் கலவையில் புரதம் 16 சதவீதம், குஞ்சுக்கு 20 வருகிறதா என்று கணக்குப் போட்டுக் கலக்குங்கள்.