பரிசு கிடைத்திருக்கிறது, பணம் கட்டுங்கள் என்கிறார்கள்: ஓவியப் போட்டி குறித்து ஒரு வழக்கறிஞரின் பதில்

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். ஒரு தனியார் அறக்கட்டளை பள்ளியில் நடத்திய ஓவியப் போட்டிக்கு 150 ரூபாய் கட்டணம் செலுத்தினோம். மாநில அளவில் இரண்டாம் பரிசாக 25,000 ரூபாய் மதிப்புள்ள டேப்லெட் கிடைத்திருப்பதாகவும், வரி, கோப்பை, கூரியர் செலவுக்காக 2,800 ரூபாயையும் குழந்தையின் ஆதார் நகலையும் மூன்று நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்றும் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பள்ளியில் கேட்டால் ‘உங்கள் விருப்பம்’ என்கிறார்கள். இதற்கிடையே அவள் வரைந்த படம் அந்த அறக்கட்டளையின் நாட்காட்டியில் அச்சாகியிருக்கிறது. பணம் கட்டலாமா? படத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: பணம் கட்ட வேண்டாம், ஆதார் நகலையும் அனுப்ப வேண்டாம். பரிசு கொடுப்பவர் பரிசு பெறுபவரிடம் பணம் கேட்டால், அது பரிசு அல்ல, விற்பனை. உங்கள் மகளுக்கு அவர்கள் ஒரு கோப்பையை விற்கப் பார்க்கிறார்கள். டேப்லெட் வந்து சேரும் என்று நான் நம்பவில்லை.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அதே பள்ளியில் போட்டியில் கலந்துகொண்ட மற்றக் குழந்தைகளின் பெற்றோர் நாலைந்து பேரை அழைத்து, அவர்களுக்கு என்ன செய்தி வந்தது என்று கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு வழக்கில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் நான்கு குழந்தைகளுக்கு ‘மாநில அளவில் இரண்டாம் பரிசு’ கிடைத்திருந்தது. முதல் பரிசு என்று சொன்னால் யார் நடுவர், எங்கே விழா என்று கேள்வி வரும். இரண்டாம் பரிசை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம்.

‘வரி’ என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றோர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள். ரொக்கப் பரிசில் வரி பிடிக்க வேண்டியிருந்தால், கொடுப்பவரே அந்தத் தொகையிலிருந்து கழித்து அரசுக்குச் செலுத்திவிட்டு, பிடித்ததற்கான சான்றை உங்களிடம் தர வேண்டும். முன்கூட்டியே உங்களிடம் வசூலிக்கும் வேலை அவருக்கு இல்லை. இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஏமாற்றுபவர்கள் அதைத்தான் அரைகுறையாக மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். லாட்டரி, சீட்டாட்டம், தொலைக்காட்சிப் போட்டி போன்றவற்றில் வென்ற பரிசு முழுக்கப் பொருளாகவே இருந்தால், கழித்துக்கொள்ள ரொக்கம் இல்லாததால், வரி செலுத்தப்பட்டதை உறுதிசெய்துகொண்ட பிறகே பொருளை ஒப்படைக்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. கார் வென்றவர் வரியைக் கட்டிய பிறகு சாவியை வாங்குவது இதனால்தான். ஆனால் அந்த வரி அரசின் கணக்குக்கு, வென்றவரின் பான் எண்ணில், செலான் வழியாகப் போகும். செலுத்தியதற்கான ரசீதும் இருக்கும். யாரோ ஒருவருடைய கைப்பேசி எண்ணுக்கு அனுப்பும் பணம் ஒருநாளும் வரியாகாது. மேலும், அந்த வகைப் பரிசுகளுக்கான வரி விகிதம் 30 விழுக்காடு. 25,000 ரூபாய்க்கு அதுவே 7,500 ரூபாய் ஆகிறது. வரி, கோப்பை, கூரியர் எல்லாம் சேர்ந்து 2,800 ரூபாய் என்று கேட்பவருக்குத் தான் சொல்லும் சட்டமே தெரியவில்லை என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும்.

அவர்களுடைய கடிதத்தாளில் ‘அரசுப் பதிவு எண்’ என்று ஒன்று இருக்கும். அதைக் கண்டு மயங்காதீர்கள். அது பதிவு அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிவானதற்கான எண் மட்டுமே. போட்டி நடத்தவோ, மாநில அளவு, தேசிய அளவு என்று பட்டம் சூட்டவோ எந்த அரசும் கொடுத்த ஒப்புதல் அல்ல. இந்தச் சான்றிதழ் பின்னால் கல்லூரியில் இடம் வாங்கித் தரும் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னால் அதையும் நம்பாதீர்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் ஆகியோருக்குச் சிறப்பு ஒதுக்கீடு உண்டு. ஓவியப் போட்டிச் சான்றிதழுக்கு எதுவும் இல்லை.

உண்மையான போட்டிகள் எப்படி நடக்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் 1949-இல் தொடங்கிய சர்வதேசக் குழந்தைகள் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மத்திய மின் அமைச்சகத்தின் எரிசக்திச் சேமிப்பு ஓவியப் போட்டிக்கும், தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்கும் கிடையாது. இவற்றில் வென்ற எந்தக் குழந்தையின் வீட்டிலும் கூரியர் செலவு கேட்டதில்லை.

எனக்குக் கோபம் வருவது பள்ளிகளின் மேல்தான். 600 குழந்தைகளிடம் தலைக்கு 150 ரூபாய் என்றால் 90,000 ரூபாய். முகவர் அதை ஒரே காலை வேளையில் வசூலித்துக்கொண்டு போகிறார்; சில இடங்களில் அதில் ஒரு பங்கு நிர்வாகத்துக்கோ ஓவிய ஆசிரியருக்கோ திரும்பி வருவதை என் கட்சிக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வகுப்பறைக்குள் விட்டவர்களே, பிறகு ‘உங்கள் விருப்பம்’ என்று கைவிரிப்பது பொறுப்பான பதில் அல்ல. குழந்தையின் பெயர், வகுப்பு, பெற்றோரின் எண் ஆகியவற்றை அந்த நபருக்குக் கொடுத்தது யார் என்று தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

இனி படம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தின் முதல் உரிமையாளர் அதை வரைந்தவரே. அவருக்கு வயது ஒன்பது என்பதால் அந்த உரிமை குறைந்துவிடாது. உரிமையை மாற்றிக்கொடுப்பதென்றால் எழுத்து மூலமாகக் கையொப்பத்துடன்தான் கொடுக்க முடியும். குழந்தை போட்ட கையெழுத்து ஒப்பந்தமாகாது. நீங்கள் கையெழுத்திட்ட படிவம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் நன்றாகப் படித்துப் பாருங்கள். ‘படைப்புகள் திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற வரி அதில் இருந்தால், அவர்கள் அந்தத் தாளை வைத்துக்கொள்ளலாம். நாட்காட்டியில் அச்சிடும் உரிமை அந்த வரியால் அவர்களுக்குக் கிடைக்காது. அப்படி ஒரு வரியே இல்லையென்றால் தாளையும் கேட்கலாம். அச்சிட்ட நாட்காட்டி ஒன்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு, விநியோகத்தை நிறுத்தவும் மூல ஓவியத்தைத் திருப்பித் தரவும் கோரிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதத்திலேயே படம் திரும்பி வந்துவிடும்.

வந்த செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதியுங்கள். இலவசப் பரிசு என்று அறிவித்துவிட்டு முடிவுகளைப் போட்டியாளர்களுக்கு வெளியிடாமல் மறைப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகமாகவே கருதுகிறது. ஆகவே வெற்றியாளர்களின் முழுப் பட்டியலைக் கேளுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இந்த அளவு தொகைக்கு மனுக் கட்டணம் இல்லை. சாதாரணப் புகாரை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று அதே சட்டம் சொல்லியும், நடைமுறையில் வருடக் கணக்கில் வாய்தா வாங்கி நிற்க வேண்டியிருப்பதால், 150 ரூபாய்க்காக உங்களை அங்கே அனுப்ப எனக்கு மனமில்லை. பல பெற்றோர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்க முன்வந்தால் மட்டும் போங்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது ஏற்கெனவே 2,800 ரூபாயை அனுப்பியிருந்தால், அவர்களை இன்றைக்கே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் வங்கியால் அதை முடக்க முடியும்.